தண்ணீர்தான் முதலில்

திங்கட்கிழமைகளில் என் முதல் நோயாளி தண்ணீர்.
கண்ணாடித் தொட்டி நிறைய ஊற்றி
அலையடங்கும் வரை காத்திருந்து
கதிரைத் திறக்கிறேன்.
பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் ஓர் உணரி
எவ்வளவு வந்து சேர்ந்ததென்று சொல்லும்.
மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர் என்ற நம்பிக்கையில்
நடக்கிறது எங்கள் பிரிவு.
நூற்றுக்கு ஒன்று கூடினால் குறித்துவைப்பேன்.
இரண்டைத் தாண்டினால் கதவு திறக்காது,
வெளியே யார் இருமினாலும்.

அளவுக்கு மிஞ்சினால் அமுதும் நஞ்சு.
நஞ்சை அளந்தால் என்னவாகும் என்பதைச்
சொன்னவர்கள் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

புந்தா அரேனாஸ், உலகின் கால்மாட்டில் ஓர் ஊர்.
பெருங்காற்று நாளில் தெருமுனையில் கயிறு கட்டுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
அக்டோபரில் வானத்துக் கூரையின் ஓட்டை வழியே
வெயில் வடிகட்டாமல் இறங்கும்.
விளக்குக் கம்பம் சிவப்பு காட்டும்:
கழுத்தை மூடிக்கொள்ளுங்கள்.
மூடியபடிதான் வந்தார் எவாரிஸ்தோ மான்சீயா.
சால்வையை அவிழ்த்தால்
இடப்பக்கம் கொட்டைப்பாக்களவு.
தெருவெல்லாம் ஒளிக்கு ஒளிந்து வந்தவர்
இங்கே ஒளிக்கென்றே படுத்தார்.

தொழில், ராஜநண்டு பிடிப்பது.
பருவம் ஜூலையில் தொடங்கி நவம்பரில் முடியும்.
இந்த வருடம் படகு கரையில்.

வெந்நீரில் இளகிய பிளாஸ்டிக் வலையை
முகத்தில் இறக்கி அழுத்தினோம்.
எட்டு நிமிடத்தில் இறுகியது.
கழற்றியதும் தாடையைத் தடவிக்கொண்டு கேட்டார்:
"குஞ்சும் பெண்நண்டும் சிக்கினால்
கடலுக்கே திருப்பி விடவேண்டும், அது எங்கள் சட்டம்.
உங்கள் கதிருக்குத் தெரியுமா, எதை விடுவதென்று?"

தெரியாது.
நாங்கள்தான் திரையில் கோடு கிழிக்கிறோம்:
உமிழ்நீர்ச் சுரப்பி, தண்டுவடம், விழுங்கும் தசை.
விடவேண்டியவை.
சில கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும்.
அங்கே யாரோ ஒருவர் முடிவெடுக்க வேண்டும்.
அவருடைய இடது சுரப்பியை
நான் விட்டுக்கொடுத்தேன்.

முப்பத்தைந்து காலை.
வலிக்கவில்லை, சுடவில்லை, ஒரு ரீங்காரம், அவ்வளவுதான்.
மூன்றாம் வாரம் ரொட்டி அட்டையானது.
நான்காம் வாரம் எச்சில் நூலானது.
ஐந்தாம் வாரம் ஒன்பது கிலோ போய்
வலைக்குள் முகம் ஆடியது.
ஆடும் முகத்துக்குக் கதிர் விட முடியாது.
மறுபடி வெந்நீர், மறுபடி வலை,
மறுபடி என் கோடுகள், இரவு பதினொன்று வரை.

குரல் போன அந்த நாட்களில்
அவரைத் தேற்ற நினைத்து எதிர்காலத்தைப் பேசினேன்.
காலைதோறும் தானே உடம்பைப் பார்த்துத்
தானே கோடு திருத்தும் இயந்திரங்கள் பற்றி.
ஏழு வார வேலையைக் கண்ணிமைப்பதற்குள்
முடிக்கப் பார்க்கும் கதிர் பற்றி.
அந்த வேகத்தில் நல்ல சதை ஏன் தாங்குகிறதென்று
இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது,
அதையும் சொன்னேன்.

எவாரிஸ்தோ எழுத்துப் பலகையை இழுத்தார்.
ஏதோ ஒரு திங்களன்று
கதவிடுக்கில் தொட்டியைப் பார்த்திருக்கிறார்.

"அதுவும் என்னைத் தண்ணீர் என்றுதான் நினைக்குமா?"

துடைத்துவிட்டுப் பலகையைத் திருப்பிக் கொடுத்தேன்.
துடைத்திருக்கக் கூடாது.

நவம்பர் பதினான்கில் முடிந்தது.
பருவத்தில் பதினாறு நாள் மிச்சம்,
அவரால் படகின் ஏணியில் ஏற முடியவில்லை.
ஸ்கேன் பிப்ரவரியில்.
அதுவரை எவரும் எதுவும் சொல்வதற்கில்லை.

இன்று திங்கள்.
காற்று கட்டடத்தை உலுக்குகிறது.
தொட்டியின் மேல் சிற்றலை.
வெளியே ஒருவர் இருமுகிறார், யாரென்று இன்னும் பார்க்கவில்லை.

அடங்கட்டும்.