பாதை எந்தக் கரையில்

முதல் வரைவில் எல்லாம் இருந்தது.
மேலே வாவி, ட்ரோனில் எடுத்தது,
பக்கம் திறந்ததும் தானாய் ஓடும்.
பின்னால் உடுக்கு.
அதன்மேல் நீல எழுத்தில் நல்வரவு நீந்தும்.
ஏழு தாவல்கள். ஒன்றைத் தொட்டால்
இன்னும் ஐந்து கொட்டும்,
இறால் வலையை உதறினாற்போல.
சபையில் கைதட்டினார்கள்.
தவிசாளரின் படத்தை இன்னும் கொஞ்சம்
பெருப்பிக்கலாமா என்று செயலாளர் கேட்டார்.

பெருப்பித்தேன்.

வெள்ளிக்கிழமை, காலை ஆறு ஐம்பது.
குருக்கள்மடத் துறையில் கொப்பியோடு நின்றேன்,
ஆட்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறிக்க.
பாதை வந்து முட்டி நின்றது:
மோட்டார் சைக்கிள்களும் உரமூட்டைகளும்
வெள்ளைச் சீருடைகளும் ஏறுகிற
அந்த இரும்புத் தட்டுக்கு
எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.

தவமலர் ரீச்சர் போனை எடுத்தா.
அக்கரையில், அம்பிளாந்துறையில், கணக்குப் படிப்பிக்கிறவ.
சிக்னல் ஒரு கோடு.
வட்டம் சுற்றியது.
எதிரே அசல் வாவி
டேட்டா கேட்காமல் கிடந்தது.
வட்டம் சுற்றியது.
சேவைகளைத் தொட்டா, எம்மைப் பற்றி விழுந்தது.
ஊடகத்தைத் தொட்டா, ரிப்பன் வெட்டு.
"பாதை எத்தின மணிக்கு எண்டு
எங்க கா போட்டிருக்கு?"

நாலாம் தாவல், மூன்றாம் வரி,
பதிவிறக்குக என்ற ஒரு பி.டி.எஃப்.
சொல்ல வாயெடுத்தேன்.
இரண்டு பேரும் கிறுகிப் பார்த்தோம்.
பாதை கால்வாசித் தூரம் போயிருந்தது.

லொத்தர் விற்கிற லோகிதராசாவுக்குக் கண் தெரியாது.
அவருடைய போன் பேசும்.
காதோடு வைத்து என் வேலையைக் கேட்டார்.
நானும் குனிந்தேன்:
படம். படம். பொத்தான். பெயரில்லாப் பொத்தான்.
படம், ஐ.எம்.ஜி. பூச்சியம் பூச்சியம் நாற்பத்தொன்று.
அதற்குள் உடுக்குத் தொடங்கி
அந்தக் குரலையும் மூடிவிட்டது.
"ஆரோ சடங்குக்குள்ள நிண்டு
வழி சொல்லுறாங்க போல" என்றார்.
சிரிக்கவில்லை.

அன்றிரவு களுவாஞ்சிகுடியில்
பாமசிக்கு மேலே என் அறையில்
வாவியை அழித்தேன். பதினெட்டு எம்.பி.
நல்வரவை அழித்தேன்.
உடுக்கில் மட்டும் விரல் நின்றது:
அடித்தவன் என் தம்பி.
அதையும் அழித்தேன்.

மிச்சம் இரண்டு பொத்தான்கள்.
இடப்பக்கம் படுவான்கரை, வலப்பக்கம் எழுவான்கரை,
சூரியன் வைத்த ஒழுங்கில்.
நடுவே ஒரு கோடு, கோட்டில் ஒரு புள்ளி.
பாதை ஓட்டுகிற செல்வநாதன் போனில் அழுத்தினால்
புள்ளி நகரும்.
இந்தக் கரை, நடு, அந்தக் கரை
என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.
பார்த்துவிட்டுக் கேட்டார்:
"இந்தக் கரை எண்டா ஆருக்கு?"
இரண்டு வருடம் படித்த படிப்பில்
இப்படி ஒரு கேள்வி வரவேயில்லை.
ஊர்ப் பெயர்களை எழுதினேன்.

படம் ஒன்றே ஒன்று. அதற்குள்
கண்ணுக்குத் தெரியாத வரியாய்:
பாதை ஏறும் வாசல். வலது கைக்குச் சங்கிலி.
பலகைக்கும் தட்டுக்கும் ஒரு சாண் இடைவெளி.
லோகிதராசா கேட்டுவிட்டு
"முக்கால் சாண்" என்று திருத்தினார்.
ஒலியும் இருக்கிறது, தொட்டால் மட்டும்:
செல்வநாதனின் குரல்,
"அம்பிளாந்துறையில நிக்குது, மறுகா வரும்."
தவிசாளரும் இருக்கிறார், அடியில், சிறிதாய்.
செயலாளர் இன்னும் என்னோடு பேசவில்லை.

அடுத்த வெள்ளி, துறைக்கு வரும் ஒழுங்கையில்
ரீச்சர் போனை எடுத்தா, ஒரு தரம் தொட்டா,
பையில் போட்டா, ஓடினா.
நான் எண்ணினேன், நாலு விநாடி.
நல்லாயிருக்கு என்று ஒருவரும் சொல்லவில்லை.

மத்தியானம் ஒரு செய்தி வந்தது,
தெரியாத நம்பர்:
வெயிலுக்குள்ள பச்சைப் புள்ளி தெரியுதில்ல.

கொப்பியில் எழுதிவைத்தேன்.
கறுப்பு. இன்னும் பெரிசு.