வராது

தெமூக்கோவில் நாலாம் வருடம் நீரியல் படித்தோம்.
எங்கள் குழுவில் கணக்கென்றால் நவேல்.
பென்சிலின் பின்முனையைக் கடித்தபடி
அழுத்த இழப்பை மனதுக்குள்ளேயே போட்டுவிடுவான்.
எழுந்து நிற்கச் சொன்னால் மட்டும்
காது நுனி சிவந்து
"எனக்குப் பேச வராது" என்பான்,
இரத்த வகையைச் சொல்வதுபோல.

பேச்சுத்திறன் வகுப்பு வெள்ளிக்கிழமை மாலை,
ஹீட்டர் ஓடாத அறையில்.
கையை எங்கே வைப்பது,
கண்ணை எந்த வரிசையில் ஊன்றுவது,
முதல் நிமிடத்தில் ஒரு நகைச்சுவை.
நான் ஏழுக்கு ஏழு.
நவேல் நாலு. மயிரிழையில் தேறினான்.

ஜூலை மழையில் ரலிவெக்கோவுக்குப் போனோம்.
ஊர்ப்பெயரின் கடைசி அசைக்கு
அவர்கள் மொழியில் தண்ணீர் என்று பொருள்.
கோடையில் பெயரில் மட்டும்தான் மிஞ்சுமாம்.

குடிநீர்க் குழுக் கூட்டம், பள்ளிக்கூட உணவறை.
விறகடுப்பு, நனைந்த கம்பளிக் கோட்டுகளின் வாடை,
முப்பத்தொரு பேர், இரண்டு நாய்.
கை இருக்கவேண்டிய இடத்தில் கையை வைத்துத் தொடங்கினேன்.
நகைச்சுவைக்கு ஒரு நாய் வாலாட்டியது.
"உச்சத் தேவை நேரங்களில்
வலையமைப்பின் அழுத்தப் பரவல்
உகந்த நிலைக்குச் சற்றுக் கீழே..."
ஸ்லைடு பதினாலு. நீலக் கோடு, பச்சைக் கோடு.

பாலாடைக்கட்டி விற்கும் ஓர்ஃபெலினா
கையைக்கூடத் தூக்காமல் கேட்டாள்:
"மேட்டில் ஒன்பது வீடு.
பிப்ரவரியில் எங்களுக்குத் தண்ணீர் வருமா?"

நல்ல கேள்வி என்றேன்.
நன்றி என்றேன்.
பல காரணிகள் என்றேன்.
பதினைந்துக்குப் போனேன்.
அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
பேருந்து நிற்குமா நிற்காதா என்று பார்ப்பவள்போல.

லேப்டாப் ஒயரைப் பிடித்துக்கொண்டு
பின்னால் குந்தியிருந்த நவேல்
எழுந்திருக்காமலே சொன்னான்:
"வராது."

அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது.

"இந்தக் குழாய்க்கு அந்த மேடு ஏறாது.
ராத்திரி பதினொன்றுக்கு மேல் கொஞ்சம் வரும்.
வாளி நிறையும். குளிக்கப் போதாது."
காது சிவந்துதான் இருந்தது.
கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
ஒயரை முறுக்கிக்கொண்டே இருந்தான்.

அதற்குப்பின் நடந்ததற்கு
மதிப்பீட்டுத் தாளில் கட்டம் இல்லை.
யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.
வரைபடம் சுவரிலிருந்து மேஜைக்கு இறங்கியது.
ஓர்ஃபெலினா ஈர விரலால் ஒரு புள்ளி வைத்தாள்.
"இங்கே ஊற்று இருக்கு. உங்க படத்துல இல்ல."
"கோடையில வத்துமா?"
"என் கன்னுக்குட்டிங்க அதுலதான் குடிக்குது."
நவேல் பென்சிலைக் கடித்தான்.
எங்களை யாரும் பார்க்கவில்லை.
எல்லோரும் அந்த ஈரப் புள்ளியைப் பார்த்தார்கள்,
காய்வதற்குள்.

திரும்பும்போது ஒரு வைப்பர்தான் ஓடியது.
"நல்லாப் பேசின" என்றேன்.
"எங்க பேசினேன்? கேட்டாங்க, சொன்னேன்."

லாவுத்தாரோ தாண்டும்வரை நான் வாய் திறக்கவில்லை.
மூன்று வாரமாக எனக்கும் தெரிந்த விடைதான்.
வராது என்று சொல்ல
எனக்கு வரவில்லை.

ஊற்றின் உயரம் இன்னும் அளக்கவில்லை.
செவ்வாய்க்கிழமை போகிறோம்.
ஸ்லைடு எதுவும் வேண்டாமாம்,
ரப்பர் பூட்ஸ் கொண்டுவரச் சொன்னாள்.