இடது காது

சோனிகேட்டர் கீச்சிடும்போது
மற்றவர்கள் காதடைப்பு மாட்டிக்கொள்கிறார்கள்.
நான் இடது காதை அதன் பக்கம் திருப்பி
உட்கார்ந்துகொள்வேன். எனக்கு அது போதும்.

ஒன்பதாம் வகுப்பு, ஆற்காடு.
சிறுநீரகத்தில் ஏறிய கிருமிக்கு
பதினான்கு நாள் அமிகேசின் ஊசி.
பிழைத்தேன்.
வீடு திரும்பும் ஆட்டோவில்
டெல்லி கேட் அருகே லாரி அடித்த ஹாரன்
ஒரு பக்கம் மட்டும் வந்தது.
வலது எப்படித் தப்பியது என்று
டாக்டருக்கும் தெரியவில்லை.
குறை சொல்ல ஆளில்லை:
முகவரி எழுதாத தபால்
எல்லாக் கதவையும் தட்டத்தான் செய்யும்.

இப்போது காட்பாடியில், மூன்றாம் மாடியில்
அதே மருந்து, வெள்ளைத் தூளாக என் கரண்டியில்.
சோயாக் கொழுப்பைக் கரைத்து
குடுவையைச் சுழற்றிச் சுழற்றி உலர்த்தினால்
உள்சுவரில் ஒரு படலம்,
பால் குடித்து வைத்த தம்ளர் போல.
மருந்து கரைந்த நீரை அதில் ஊற்றுகிறேன்.
கொழுப்பின் வால்களுக்குத் தண்ணீர் ஆகாது.
வாலோடு வாலை ஒளித்து
தலைகளை மட்டும் நீட்டி
வளைந்து
மூடிக்கொள்ளும்,
அகப்பட்ட மருந்தை வயிற்றில் வைத்து.

நூற்றுப்பத்து நானோமீட்டர்.

இந்த ஊரில் எதற்கும் கோட்டையைத்தான் உவமை சொல்வார்கள்.
பேராசிரியரும் சொன்னார்: அகழி, மதில், உள்ளே மருந்து.
எனக்கு ஒப்பவில்லை.
கோட்டை வருகிறவனைத் தடுக்கும்;
இது உள்ளே இருக்கிறவனிடமிருந்து ஊரைக் காக்கிறது.
அதற்கும் வேலூரில் கட்டடம் உண்டு,
தொரப்பாடியில்.
சரியான வாசலில் தானே கதவு திறக்கும் ஜெயில்
என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மே மாதம். நூற்றுப்பத்து டிகிரி.
இரவு முழுக்கக் கரண்ட் இல்லை.
ஜெனரேட்டர் சாவி பூங்காவனத்திடம்,
பூங்காவனம் அணைக்கட்டில் ஒரு கல்யாணத்தில்.
காலையில் குமிழ்கள் ஒன்றையொன்று ஒட்டி, ஒழுகி
திரிந்த பாலாய் அடியில் கிடந்தன.
மூன்று வார வேலை. கழுவிக் கவிழ்த்தேன்.

ஆகஸ்டில் மறுபடி.
சிறுநீரகச் செல்கள், இரண்டு தட்டு.
ஒன்றில் வெறும் மருந்து, ஒன்றில் பொதிந்தது.
நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்து மஞ்சள் சாயம்:
உயிர் இருந்தால் அதை ஊதாவாக்கும்.
முதல் தட்டு மஞ்சளாகவே நின்றது.
இரண்டாவதில், குழிக்குக் குழி,
இலவம்பாடித் தோட்டத்துக் கத்தரிப்பூ.

கிருமித் தட்டில் இன்னும் சில புள்ளிகள் பாக்கி.
மருந்து வெளியே வரச் சோம்பல்படுகிறது.
அது அடுத்த மாதத்துத் தலைவலி.

ரெஹானா இடப்பக்கமிருந்து ஏதோ கேட்டிருக்கிறாள்,
இரண்டு மூன்று தடவை இருக்கும்.
கடைசியில் தோளைத் தொட்டாள்:
எவ்வளவுடீ உயிரோட இருக்கு?

எண்பத்தியொரு சதவீதம் என்றேன்,
எப்போதும்போல்
கொஞ்சம் சத்தமாக.