ஒரு மீட்டர் அகலத்தில்

புந்தா அரேனாஸில் காற்று கதவைத் தட்டாது,
கதவையே கழற்றப் பார்க்கும்.
அதன் பின்னாலேயே நுழைந்தார் பரீயா,
நண்டுப் படகின் டீசல் வாடையோடு.
போனை நீட்டினார்.
"இது. ஒரு மீட்டர் அகலத்தில். சனிக்கிழமைக்குள்."

அவர் மனைவி எதீத்தா
இயந்திரப் பெட்டியின்மேல் உறங்குகிறாள்.
கண் கூசும் ஆரஞ்சில் மழைக்கோட்டு,
தலைக்குச் சுருட்டிய கயிறு.
பின்னால் நீரிணை,
விடியலா அந்தியா என்று சொல்லாத நீலம்.

அசல் கோப்பு எங்கே என்று கேட்டேன்.
"மகெல்லன் நீரிணையில், செஞோரா யஸ்னா.
ஜூனில் போன் விழுந்துவிட்டது.
இது மைத்துனிக்கு அனுப்பி,
அவள் குடும்பக் குழுவுக்கு அனுப்பி,
அங்கிருந்து எனக்கே திரும்பி வந்தது."

கை மாறும்போதெல்லாம்
ஆளுக்கொரு கிள்ளு கிள்ளித் தின்ற ரொட்டி.
மிஞ்சியது அகலத்தில்
ஆயிரத்து இருநூற்றெண்பது பிக்சல்.
ஒரு மீட்டருக்கு இழுத்தால்
அங்குலத்துக்கு முப்பத்திரண்டு புள்ளி.
சுவரில் மாட்டலாம்,
தெருவுக்கு அப்பால் நின்று பார்க்கலாம்.

இல்லாததை ஊகித்து நிரப்பும் மென்பொருள் ஒன்று உண்டு.
இரவு முழுக்க ஓடவிட்டேன்.
காலையில் எதீத்தாவுக்குப் புது இமைமயிர்,
கடைச் சீப்பின் பற்கள் மாதிரி.
கயிற்றின் முறுக்கு
அவள் கன்னத்திலும் தொடர்ந்திருந்தது.
பரீயா திரையில் மூக்கு ஒட்டக் குனிந்தார்.
"அழகாக இருக்கிறாள். யார் இது?"

அழித்தேன்.

சன்னலை மூடினேன், திரையின் ஒளியைப் பாதியாக்கினேன்.
தாளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது,
அறையில் இருப்பதைத்தான் கடன் வாங்கும்.
பருத்தித் தாளின் விவரக்கோப்பை ஏற்றியதும்
மழைக்கோட்டு முழுக்கச் சாம்பல் பூத்தது:
இந்த ஆரஞ்சு உன் பத்து மைகளுக்கும் எட்டாது என்று எச்சரிக்கை.
மீன்சந்தையில் பேரம் பேசுவதுபோல்
அதுவும் இறங்கிவர, நானும் இறங்கிவர,
கடைசியில் வேகவைத்த நண்டோட்டின் நிறத்தில்
ஒத்துக்கொண்டோம்.
தாடையடி நிழலைக் கொஞ்சம் தூக்கினேன்,
தாள் இருட்டைக் குடித்துவிடும்.
கூர்மை ஒரு சிட்டிகை.
இரண்டு சிட்டிகை போட்டால் விளிம்பெல்லாம் வெள்ளைக் கோடு.

வானத்தில் ஒரு புள்ளி இருந்தது.
தூசியா, பறவையா?
மூன்று முறை அழிப்பானைக் கொண்டுபோனேன்.
இருக்கட்டும்.

அங்குலத்துக்கு முந்நூறு கேட்கும் தாளில்
இந்தப் படம் பதினோரு சென்டிமீட்டர்.
அதற்குமேல் ஒவ்வொரு மில்லிமீட்டரும்
என் கற்பனை, அவர் மனைவி அல்ல.

ஆனால் அவர் கேட்டது ஒரு மீட்டர்.
கொடுத்தேன்.
ஒரு மீட்டர் தாளின் நடுவில்
உள்ளங்கை அளவு எதீத்தா.

"மீதிக்கும் காசா?"
தாளுக்குத்தான் காசு என்றேன்.
பரீயா கதவருகே போய் நின்று பார்த்தார். தெரியவில்லை.
ஓரடி வந்தார். இன்னும் ஓரடி.
மூச்சு தாளில் படும் தூரம் வந்ததும்
ஏனோ குரலைத் தாழ்த்திக்கொண்டார்,
எழுப்பிவிடக்கூடாது என்பதுபோல.
"உதட்டில் உப்பு காய்ந்திருக்கிறது," என்றார்.

மூன்று பிக்சல் அது.

பதினைந்து நாள் கழித்து எதீத்தாவே வந்தாள்.
கோட்டைக் கழற்றவில்லை, வணக்கம் சொல்லவில்லை.
மகனிடம் இரவல் வாங்கிய கேமராவின் அட்டையை
மேசையில் வைத்தாள்.

திறந்தேன்.
இருபத்துநான்கு மில்லியன் பிக்சல்,
யாரும் கிள்ளாத முழு ரொட்டி.
சோபாவில் வாய் பிளந்து பரீயா.
கடைவாயில் ஒரு தங்கப்பல்,
மீசையில் ரொட்டித்தூள்,
மூக்கு மயிர் எண்ணக் கிடைத்தது.

"இது," என்றாள்,
"ஒரு மீட்டர் அகலத்தில்.
ஓரத்தில் வெள்ளை வேண்டாம்."