பட்டி

முதலில் போனது இடப்பக்கத்து முன்கதவுப் பட்டி.
மறுவாரம் அதன் பின்கதவு ஜோடி.
மயூர் விஹார் மூன்றாம் ஃபேஸில்
திருடனுக்கும் தவணைமுறை.

வலப்பக்கத்து இரண்டையும் நானே நெம்பி எடுத்தேன்,
அவன் மூன்றாம் தடவை வருவானேன் என்று.
கறுப்பு ரப்பர் கழன்றதும்
கதவு நெடுக ஒரு வாய்க்கால்.
சுண்டுவிரல் படுக்கிற அகலம்,
பதினொரு வருஷத்துப் புழுதி,
ஒரு செத்த எறும்பு,
வெயிலே பார்க்காத நீலம்.
இவ்வளவு நீலமாகவா இருந்தது இந்தக் கார்?

கரோல் பாகில் புதுசுக்கு விலை கேட்டேன்.
கேட்டுவிட்டு
ஒரு டப்பாவும் நாலு நம்பரில் உப்புத்தாளும் வாங்கி
மெட்ரோவில் திரும்பினேன்.

இங்கே பட்டி என்றால் நீளக் கீற்று,
காயத்துக்குக் கட்டும் துணிக்கும் அதே பேர்.
எங்கள் ஊர் டிங்கர் கடையில்
பள்ளம் அடைக்கும் களிம்புதான் பட்டி.
பட்டி போன இடத்துக்குப் பட்டி.
இந்தியில் சொன்னால் யாருக்கும் சிரிப்பு வராது.
எதிர் சீட்டுக்காரர்
என்னைப் பார்த்து பையை இறுக்கிக்கொண்டார்.

ஜனவரி இருபத்தாறு, விடுமுறை.
மூடுபனிக்கு மேலே அணிவகுப்பு விமானங்கள்,
சத்தம் மட்டும்.
எண்பதாம் நம்பர் தாளால் சுரண்டினேன்
அந்த நல்ல நீலத்தை,
தகரம் பல்லைக் காட்டும்வரை.
சாம்பல் களிம்பில் பட்டாணியளவு சிவப்பு,
காலாவதியான ஏடிஎம் அட்டையால் குழைத்து
வாய்க்காலில் இழுத்தேன்.

பத்து நிமிஷத்தில் இறுகும் என்றது டப்பா.
டப்பா டெல்லிக் குளிரில் நின்றதில்லை.
நாற்பது நிமிஷம் கழித்தும்
நேற்றைய அல்வா.

இரண்டாம் மாடி குர்லீன் இறங்கி வந்தாள்.
கல்யாண மேக்கப் போடுகிறவள்,
கையில் ஹேர் டிரையர்.
பிஷ்ட் வீட்டு ஜன்னலில் வயரைச் செருகி
குளித்த தலையை உலர்த்துகிற மாதிரி
ஒவ்வொரு கதவாக உலர்த்தினோம்.

"ஒரேயடியாய் அப்பாதே.
அம்மைத் தழும்புக்கு நான்
மூணு தடவை மெல்லிசாய்ப் போடுவேன்" என்றாள்.
"உனக்கென்ன, சுலபம்.
மணப்பெண் அழுவாள். கதவு அழாது."

மரக்கட்டையில் தாளைச் சுற்றித் தேய்த்தோம்,
சாய்வாக, குறுக்கும் மறுக்கும்.
நீளவாக்கில் தேய்த்தால்
வாய்க்கால் போய் ஓடை வந்துவிடும்.
அவள் புருவத்தில் சாம்பல் மாவு.
ஊசிக்குத்துத் துளைகள், மறுபடி பூச்சு,
மறுபடி ஹேர் டிரையர்.
கறுப்பு ஸ்ப்ரேயைத் தூவித் தேய்த்தால்
பள்ளமெல்லாம் கறுப்பாகவே நிற்கிறது,
பொய் சொல்லத் தெரியாத பிள்ளை மாதிரி.
கடைசியில் துப்பட்டா நுனியைக் கதவில் விரித்து
அதன்மேல் உள்ளங்கையை ஓட்டினாள், கண்மூடி.
"இல்லை" என்றாள்.
நானும் ஓட்டினேன். இல்லை.

நிறத்துக்கு மட்டும் அலைந்தேன்.
தொழிற்சாலை நீலம் தந்தான் கடைக்காரன்.
என் கார் வெளுத்த நீலம்.
பெட்ரோல் மூடியைக் கழற்றி
சாப்பாட்டுப் பையில் கொண்டுபோய்க் காட்டி
இருக்கிற வெளுப்புக்கே கலக்கச் சொன்னேன்.

"புது வண்டியா?" என்றான் வாட்ச்மேன் ராம்தாரி.
அவனுக்கு ஒரு டீ.

பத்து நாள் கழித்து, காலை ஆறரை.
கார் முழுக்கப் பனி வியர்த்திருந்தது.
நான்கு கதவிலும் விரலகலத்துக்கு
பனி பிடிக்காத ஒரு கோடு.
தகரம் குளிர்கிற மாதிரி
களிம்பு குளிர்வதில்லை போல.
கைக்கும் தெரியாமல், கண்ணுக்கும் தெரியாமல்
புதைத்ததை
பனி மறுபடி வரைந்துவிட்டது, அளவு பிசகாமல்.
கண்ணாடி விளிம்பிலிருந்து வழிந்த துளிகள்
அந்தக் கோட்டில் சற்றுத் தயங்கி
அப்புறம் இறங்கின.

படம் எடுத்து அனுப்பினேன்:
அழுகிறதே.
பதில் உடனே வந்தது:
வாட்டர்ப்ரூஃப் போட்டிருக்கணும்.

கோட்டைத் துடைக்கவில்லை.
ஏறி உட்கார்ந்தேன். முன்னால் வெறும் வெள்ளை.
வைப்பரைப் போட்டேன்.
மோட்டார் உறுமியது, இரண்டு குச்சிகள்
கண்ணாடியில் கிறீச்சிட்டு ஆடின.
ரப்பரைக் காணோம்.