எட்டு அட்டை

வெள்ளமடம் தாண்டியதும் பெல்ட் அறுந்தது.
காலையில் ராசிபுரத்தில் ஏற்றியது,
ஒரு லட்சத்துப் பத்தாயிரம் முட்டை.
உருண்டு உருண்டு ஓய்ந்து
வண்டி ஒதுங்கிய இடம்
கோயில் வாசல்.

"என்னவே, முட்டை வண்டிய
சாமிக்கு நேரேயா நிப்பாட்டுவிய?"
குடைக்குள்ளிருந்து ஒரு குரல்.
நான் வண்டியைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.
தள்ளினால் நகர்கிற சாமானா அது.

கார்த்திகை என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.
மழைக்கு மறக்கவில்லை.
ஆரல்வாய்மொழியில் காற்றாடிகளுக்கு நடுவே பிடித்தது
விடவேயில்லை.
வாசலில் ஓலை சுற்றிய சொக்கப்பனை,
குளித்துவிட்டுத் தலை துவட்டாத பையன் மாதிரி
சொட்டிக்கொண்டு நின்றது.

குடைக்காரர் பெயர் தாணுலிங்கம். கொளுத்துவது அவர் பாடு.
கற்பூரம் போட்டார். புகைந்தது.
எண்ணெய் ஊற்றினார். இன்னும் நன்றாகப் புகைந்தது.
டயர் கொண்டுவரட்டுமா என்ற பையன்
தலையில் ஒரு குட்டு வாங்கினான்.
எதிர்வீட்டுப் படிகளில் அகல்களை
உள்ளங்கையால் பொத்திக்கொண்டு பெண்கள்
இந்தப் பக்கமே பார்த்திருந்தார்கள்.

என் கிளீனர் பூவேந்தன்
யாரும் கேட்காமலே தார்ப்பாயை அவிழ்த்தான்.
மேலடுக்கை மூடியிருந்த வெறும் அட்டைகள்,
அப்பளமாய் உலர்ந்தவை.
"முட்டை இருந்த அட்டை, கவுச்சி" என்றார் ஒருவர்.
"புது அட்டைங்க" என்றேன்.
பொய்தான்.
தூக்குப்போணியோடு நின்ற பகவதியம்மை
வழக்கை முடித்துவைத்தாள்:
"தீயில விழுந்த பெறவு கவுச்சி ஏது? வையும்வே."

எட்டு அட்டையை அடியில் செருகினோம்.
ஒன்றுக்கு முப்பது குழி.
குழி குழியாகச் சிவந்தது முதலில்,
இருநூற்று நாற்பது அகல் என்று
நான் கணக்குப் போட்டு முடிப்பதற்குள்
தீ உச்சிக்குப் போய்விட்டது.

படபடவென்று ஓலை வெடிக்க
கூட்டம் பின்வாங்கிச் சிரித்தது.
தேங்கிய நீரில் இன்னொரு பனை
தலைகீழாக எரிந்தது.
நாகர்கோவில் பஸ் ஒன்று நின்று
ஹாரன் அடித்துக் கும்பிட்டுப் போனது.

வீட்டுக்கு வீடியோ போட்டேன்.
"ஐயோ, வண்டியா எரியுது?"
கோமளவல்லியின் அலறல் அந்த இரைச்சலிலும் கேட்டது.
இல்லை என்று புரிந்தபின் போனைத் திருப்பி
எங்கள் வாசலைக் காட்டினாள்.
பதினோரு விளக்கு.
நான் இல்லாமல் ஏற்றிய ஏழாவது கார்த்திகை.
அவள் சொல்லவில்லை.
ஏழு என்பது என் கணக்கு.

பகவதியம்மை இலைச்சுருள் ஒன்று நீட்டினாள்.
இலையோடு கடித்தேன்.
பட்டை வாசம், அப்புறம் ஒரே நார்.
"எலயத் தின்னப்பிடாது மக்களே!"
தெருவே சிரித்தது. பூவேந்தன் அதிகமாகச் சிரித்தான்.
திரளியாம் அதற்குப் பெயர்.
உரித்தால் உள்ளே
வெல்லமும் ஏலமும் சூடும்.
மூன்றாவதைத் தின்னும்போதுதான்
மத்தியானம் சாப்பிடாதது நினைவு வந்தது.

மெக்கானிக் ஒன்பதரைக்கு வந்தான்.
கிளம்பும்போது தாணுலிங்கம்
கரிந்த மட்டைத் துண்டொன்றை
டாஷ்போர்டில் வைத்தார். எதற்கென்று சொல்லவில்லை.
தக்கலை இறக்கத்தில் அது உருண்டு
என் கைக்கு வந்தது. பிடித்துக்கொண்டே ஓட்டினேன்.

பாலராமபுரம் கிடங்குக்காரர்
வெறும் அட்டையைக்கூட எண்ணுகிற மனிதர்.
"எட்டெண்ணம் குறைவுண்டல்லோ."
ஒன்றுக்கு மூன்று ரூபாய் வீதம் பிடித்துக்கொண்டு
கறுத்த என் கையைப் பார்த்தார்.
"மழையில நனைஞ்சு போயோ?"

இல்லைங்க, என்றேன்.
நனையவே இல்லை.