ஈரக் கட்டைவிரல்

தடைக்காலம் முடிய ஒன்பது நாள் இருக்கையில்
ரெஜினாள் அக்கா முன்பணம் கொடுத்தார்.
எட்டாயிரம், அத்தனையும் ஐம்பது ரூபாய்த் தாள்,
எண்ணி முடித்தபின் விரலில் மீன்வாடை.
“ஐஸ் பேக்டரிக்கு ஒரு வெப்சைட் வோணும்.
பாத்தவொடனே போன் அடிக்கணும்.”
அவ்வளவுதான் குறிப்பு.

ஜி.ஏ. ரோட்டில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்
ஆறுக்கு எட்டு அறையில் உட்கார்ந்து
நான் கடலைச் செய்தேன்.
முகப்பில் நீலம் புரளும் காணொளி.
நார்வேயோ எதுவோ, இலவசமாகக் கிடைத்தது.
அதன்மேல் மிதந்துவரும் எழுத்து:
‘குளிர்ச்சியின் நம்பிக்கை’.
கைகுலுக்கும் கோட்டுக்காரர்கள் இருவர்.
‘எங்கள் தொலைநோக்கு’ என்று தனிப்பக்கம்,
அதில் அக்காவுக்கே தெரியாத அக்காவின் தொலைநோக்கு.
போன் நம்பரை அடியில் வைத்தேன்,
சாம்பல் நிறத்தில், நாகரிகமாக.

லாஞ்சுகள் போயின, வந்தன.
இருபது நாளில் வந்த அழைப்பு மூன்று.
ஒன்று கடன் தருகிறேன் என்றது.
ஒன்று ராங் நம்பர்.
இன்னொன்று நான்,
வேலை செய்கிறதா என்று பார்க்க.

அக்கா திட்டவில்லை.
“ஒரு நா ராவுல வா” என்றார்.

காசிமேடு, இரண்டே முக்கால் மணி.
ஐஸ் உடைக்கும் எந்திரத்தின் இரைச்சலில்
எல்லோரும் சைகையில் பேசிக்கொண்டிருந்தார்கள்.
லாஞ்சு டிரைவர் ஒருவர்
(தேசப்பன் என்று பிறகு தெரிந்தது)
பல்லில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு
கைலியில் கட்டைவிரலைத் துடைத்தார்.
போனைத் தொட்டார். அது மதிக்கவில்லை.
மறுபடி துடைத்துத் தொட்டார்.
திரையில் வட்டம் சுற்றியது, சுற்றியது.
ஒற்றைக் கோட்டு சிக்னலில்
என் நார்வேக் கடல்
கரையேற முடியாமல் திணறிக்கொண்டிருந்தது.
“இன்னாப்பா, சொம்மா தண்ணி காட்றானுங்க”
என்று போனை இடுப்பில் செருகி
எதிர்ச்சாரி பேக்டரிக்கு நடந்தார்.

நான் அங்கேயே நின்றேன்.
செருப்புக்குள் யாருடைய ஐஸோ உருகியது.

விடிந்ததும் அழிக்க ஆரம்பித்தேன்.
கடலை எடுத்தேன்.
கோட்டுக்காரர்களை ஊருக்கு அனுப்பினேன்.
தொலைநோக்கு போயிற்று.
பக்கம் எழும்பப் பன்னிரண்டு நொடி எடுத்தது
ஒரு நொடிக்குள் வந்து நின்றது.
மிச்சம்: ஐஸ் இருக்கிறதா,
எத்தனை பார், பார் என்ன விலை.
அதன்கீழ் திரையில் பாதிக்குப் பச்சைப் பட்டை,
பனங்கிழங்கு விரல் எங்கே பட்டாலும் அழைக்கும்.
“விலையை வெளியே போடலாமா?” என்றேன்.
“ஒளிச்சா மட்டும் இன்னா?
கேட்டா சொல்லத்தானே போறேன்.”

ஆடி பிறந்து நாலாம் நாள்
கம்ப்ரஸர் மடக்கென்று நின்றுவிட்டது.
“ஐஸ் இல்லேன்னு போடு” என்றார் போனில்.
இல்லை என்று யார் பலகை வைப்பார்கள்?
‘விரைவில்’ என்று போடலாம்,
‘விவரங்களுக்கு அழைக்கவும்’ என்று போடலாம்,
எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் சொன்னேன்.
“மூணு மணிக்கு வண்டி இட்டுனு வந்து
வெறுங்கையா போறவன்
நாளைக்கு எம் மூஞ்சில முழிப்பானா?
எதிர்ல ஜமாலுகிட்ட கீது.
அவன் நம்பரையும் போடு.”
போட்டேன்.
கை கூசத்தான் செய்தது.

அதற்குப் பிறகு மாதம் எத்தனை அழைப்பு,
கணக்கு என்னிடம் இருக்கிறது.
சொன்னால் விளம்பரமாகிவிடும்.

மீதிப் பணம் வாங்கப் போன இரவு
எனக்கு முன்னால் தேசப்பன் நின்றிருந்தார்.
கைலி பக்கம் கை போகவில்லை.
ஈரத்தோடு அப்படியே அழுத்தினார்.
பத்தடி தள்ளி அக்காவின் இடுப்பில் மணி அடித்தது.
“தோ எதிர்லயே நிக்கிறேன், எதுக்குடா போனு?”
“சொம்மா, வேல செய்தான்னு பாத்தேன்.”

பச்சைப் பட்டையின் நடுவில்
சங்கரா மீனின் செதில் ஒன்று ஒட்டியிருந்தது.
அதன் வழியாகவும் அழைப்பு போனது.